சுகமானவர் எந்த வீட்டுக்குப் போகிறார்?

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)





மாற்கு சுவிசேஷம் இரண்டாம் அதிகாரத்தில், நான்கு பேர் ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து ஆண்டவருக்கு முன்பாக இறக்கியதை நாம் எல்லாரும் அறிவோம். அதன் முடிவைத்தான் நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஆண்டவர் அவனைச் சுகமாக்கி, அவனுடைய வீட்டுக்குப் போகச் சொன்னார். நாமும் வார்டில் சுகமானவர்களை ஜெபித்து வீட்டுக்கு அனுப்புகிறோம். அது எப்படிப்பட்ட வீடு என்று நெடுங்காலம் நாம் கேட்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் பாகூர் கொம்யூனிலிருந்து கரும்பு வெட்டும் குடும்பத்தின் நான்கு வயதுப் பெண் குழந்தை நிமோனியா காய்ச்சலோடு வந்தாள். ஒரே மழைக்காலத்தில் மூன்று முறை வந்தாள். முதல் இரண்டு முறையும் மருந்து கொடுத்தோம், ஜெபித்தோம், அனுப்பினோம். மூன்றாம் முறைதான் வார்டு சிஸ்டர், "ராத்திரியில குழந்தையை எங்கேம்மா படுக்க வைக்கிறே?" என்று கேட்டார்.

"மழை பெஞ்சா படுக்கறது ஏதுங்க சிஸ்டர்? மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். கீற்று மாத்தி மூணு வருஷம் ஆச்சு" என்றாள் அந்தத் தாய். மூத்த பையன் எட்டாம் வகுப்போடு நின்று செங்கல் சூளைக்குப் போவதையும் சொன்னாள். தங்கையை முதல் முறை நம்மிடம் சேர்த்தபோது வாங்கிய கடனை அடைக்கத்தான் அவன் போனானாம். அதைக் கேட்டு நாம் தலைகுனிந்தோம். நம் படுக்கையில் ஒரு பிள்ளை தேறிக்கொண்டிருந்தபோது, அதே வீட்டில் இன்னொரு பிள்ளையின் படிப்பு போய்க்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு எதற்கு வீட்டு வேலை என்று ஆதரவாளர்களில் சிலர் அன்போடு கேட்டிருக்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வீடும் சுகாதாரமும் பற்றி ஒரு வழிகாட்டி நூலே வெளியிட்டது. நெருக்கடியான வீட்டில் காசநோய் போன்றவை எளிதில் பரவும் என்று அது எச்சரிக்கிறது. நம் பகுதி மக்களுக்கோ புயலும் சேர்ந்துகொள்கிறது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபோது கீற்றுக் கூரைகள் பறந்தன. 2024 நவம்பர் 30-இல் வந்த ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதைத் தொடர்ந்து தென்பெண்ணை வெள்ளம் பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது. குடிசைக்குள் தண்ணீர் வந்தால் அரிசி மட்டுமா போகிறது? பாடப்புத்தகமும் பட்டாவும் ரேஷன் கார்டும் சேர்ந்து போகின்றன.

இந்த ஊழியத்துக்கு முன்மாதிரி உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கிளாரன்ஸ் ஜோர்டன் என்ற வேதபண்டிதர் 1942-இல் கொய்னோனியா என்னும் பண்ணையைத் தொடங்கினார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பந்தியில் அமரக் கூடாதென்றிருந்த காலத்தில் அங்கே சேர்ந்து வாழ்ந்தார்கள். தம் செல்வத்தைத் துறந்த வழக்கறிஞர் மில்லர்ட் ஃபுல்லரும் மனைவி லிண்டாவும் அங்கே வந்து சேர்ந்தார்கள். ஏழையிடம் வட்டி வாங்கலாகாது என்ற யாத்திராகமக் கட்டளையை அவர்கள் எழுத்தின்படியே எடுத்துக்கொண்டார்கள். 1976-இல் அவர்கள் நிறுவிய ஹாபிடட் ஃபார் ஹியூமானிட்டி 1983 முதல் இந்தியாவிலும் பணி செய்கிறது. வீடு பெறும் குடும்பம் தானும் உடலுழைப்புக் கொடுக்கும். வீட்டின் விலையை லாபமும் வட்டியும் இல்லாமல் சிறிது சிறிதாகத் திருப்பித் தருவதே அவர்கள் தொடங்கிய முறை. அந்தப் பணம் அடுத்த குடும்பத்தின் வீட்டுக்குப் போகும். வாங்கியவரே கொடுப்பவராகிறார்.

நம் பகுதிக்கு இந்த முறை பொருந்துகிறது. அரசின் வீட்டு மானியம் வேலை முடிய முடியத் தவணையாகத்தான் வருகிறது. அஸ்திவாரம் போடக் கையில் காசில்லாதவர் வட்டிக்கடைக்குப் போகிறார். வீடு எழும்பும்போதே கடனும் எழும்புகிறது. அந்த முதல் தவணையை வட்டியின்றிக் கொடுத்தாலே ஒரு குடும்பம் தப்பிக்கும்.

பாகூர்க் குடும்பத்துக்கு உங்கள் காணிக்கையிலிருந்து அப்படித்தான் கொடுத்தோம். தகப்பன் மண் சுமந்தார், தாய் செங்கல் எடுத்துக் கொடுத்தாள். வெட்டுக் காலத்தில் கூலி வரும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கட்டினார்கள். பையனுக்கு ஓர் ஆண்டு வீணானாலும் திரும்பப் பள்ளிக்குச் சென்று பத்தாம் வகுப்பில் தேறினான். அடுத்த மழைக்காலத்தில் அந்தக் குழந்தை நம் வார்டுக்கு வரவில்லை.

எல்லாருக்கும் இப்படி நடந்துவிடவில்லை. வில்லியனூர்ப் பக்கம் ஒரு விதவைத் தாய்க்குப் பட்டா இல்லை. பிறர் நிலத்தில் சுவர் எழுப்ப முடியாமல் கூரைக்குத் தார்ப்பாய் மட்டும் வாங்கிக் கொடுத்தோம். இரண்டு பிள்ளைகளுக்கும் நோட்டுப் புத்தகமும் பஸ் செலவும் கொடுத்து வருகிறோம். பட்டாவுக்காக அவரோடு அலுவலகப் படி ஏறுவதும் இப்போது நம் ஊழியத்தில் ஒரு பகுதி.

உதவி பெறுகிறவர் ஆலயத்துக்கு வருகிறாரா என்று நாம் கேட்பதில்லை. நல்ல சமாரியன் குற்றுயிராய்க் கிடந்தவனிடம் ஜாதியும் மதமும் விசாரிக்கவில்லை. காயம் கட்டியதோடு நிற்காமல் சத்திரத்தில் சேர்த்தான், செலவுக்கும் பொறுப்பேற்றான். நோயில் விழுந்து தவணை கட்ட முடியாதவரை நாம் நெருக்குவதுமில்லை.

அருமையானவர்களே, கட்டில்களுக்கும் மருந்துகளுக்கும் நீங்கள் தாராளமாய்க் கொடுத்து வருகிறீர்கள். அதைக் குறைக்கும்படி கேட்கவில்லை. அத்தோடு, சுகமான ஒருவர் திரும்பிப் போகும் கூரையையும், அதன் கீழே விளக்கு வைத்துப் படிக்கும் பிள்ளையையும் உங்கள் ஜெபத்திலும் காணிக்கையிலும் நினைத்துக்கொள்ளுங்கள் என்றே வேண்டுகிறோம்.

தேவன்தாமே உங்கள் வீடுகளையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.