ஒரு பல்கலைக்கழகத்தின் பழைய ஏடுகள்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



பதினெட்டாம் பெருக்கில் ஆற்றிலே விடப்பட்ட ஓலைச்சுவடிகளை எண்ணி இன்றும் வருந்துகின்றோம். ஆனால் நம் வீட்டுப் பரணிலுள்ள காகிதக் கட்டுகளைப் பழைய காகிதம் வாங்குவோனிடம் எடைக்குப் போடுங்கால் நமக்கு யாதொரு வருத்தமும் தோன்றுவதில்லை. யான் முன்னர்ப் பணியாற்றிய பள்ளியொன்றில் ஐம்பதாண்டு வருகைப் பதிவேடுகள் ஒரே பிற்பகலில் எரிக்கப்பட்டன. அருகில் நின்று பார்த்தவருள் யானும் ஒருவன், வாய் திறந்தேனல்லேன்.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். 1920-இல் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய மீனாட்சி கல்லூரியே அதன் வித்து. 1929-இல் சட்டத்தின் வழியே அது பல்கலைக்கழகமாயிற்று. அச்சட்டத்தையும் சட்டசபை விவாதங்களையும் காணவேண்டுவோர் சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்தை நாடலாம். ஆண்டுக் குறிப்பேடுகள், பேரவை நடவடிக்கைகள், பட்டமளிப்பு விழா உரைகள் முதலியன அச்சேறியவை. அவற்றால் எவர் எப்பதவி வகித்தார் என்பது விளங்கும். அதற்குமேல் அவை பேசமாட்டா.

எஞ்சியவை சிதறிக் கிடக்கின்றன. மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் 1924 முதல் 1927 வரை அங்குத் தமிழ்க் கல்லூரித் தலைவராக வீற்றிருந்தார்கள். அந்நாட்களை அறிய அவர்கள் எழுதிய ‘என் சரித்திர’த்தைப் புரட்டினால் ஏமாற்றமே மிஞ்சும். 1940-இல் வாரப் பத்திரிகையில் வரத் தொடங்கிய அந்நூல், 1942-இல் அவர்கள் மறைந்தமையால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியளவிலேயே நின்றுபோயிற்று. ஆதலின் சிதம்பர வாழ்வைக் கடிதங்களிலேதான் தேடவேண்டும். முதல் தமிழ்ப் பேராசிரியரான விபுலாநந்த அடிகளோ ஈழநாட்டார். அவர்தம் சுவடு பற்றிக் கடல் கடந்து செல்லவேண்டும். 1935 முதல் 1940 வரை துணைவேந்தராயிருந்த சீனிவாச சாஸ்திரியாரின் கடிதங்கள் 1944-இல் ஆங்கிலத்தில் தொகுதியாக வெளிவந்தன. கடிதம் எழுதுவதையே ஒரு கலையாகக் கொண்டவர் அவர். அவ்வதிர்ஷ்டம் எல்லாத் துணைவேந்தர்க்கும் வாய்ப்பதன்று!

இன்னுமொரு நாளைச் சொல்லவேண்டும். 1965-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் நாள், இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில், அப்பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் போலீசாரின் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார். அரசாங்கக் காகிதம் அரசாங்கத்தின் சொல்லைத்தான் சொல்லும். அன்றிரவு விடுதியிலிருந்து ஒரு மாணவன் தன் தாய்க்கு எழுதியிருக்கக்கூடிய கடிதம் எந்தக் காப்பகத்திற் கிடைக்கும்? அன்று இருபது வயதினரா யிருந்தோர் இன்று எண்பது கடந்தவர்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளாவிடில், பிறகு கேட்பதற்கு ஆள் இரார்.

2013-இல் அரசாங்கம் சட்டமியற்றிப் பல்கலைக்கழக நிர்வாகத்தைத் தானே ஏற்றது. நிர்வாகம் கைமாறுங்கால் நிலமும் நிதியும் கணக்கெடுக்கப்படுவது இயல்பு. பழங்காகிதத்தை எண்ணுவார் எங்கும் அரியர்.

என் பாட்டனார் அங்குப் பயின்றவர். அவர் விட்டுச்சென்ற சிறு கணக்குப் புத்தகம் ஒன்று என்னிடம் உளது. தபால் உறை, சவர்க்காரம், ஆருத்திரா தரிசனத்தன்று வாங்கிய சுண்டல், நண்பனுக்குக் கொடுத்து வாராத கடன் எல்லாம் அதிற் பதிவாகியுள்ளன. பாடத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எனினும் அக்காலத்து மாணவன் எங்ஙனம் உண்டான், எதற்கு ஏங்கினான் என்பதை எந்த ஆண்டுக் குறிப்பேடும் எனக்கு இத்துணைத் தெளிவாகச் சொன்னதில்லை.

நம் வகுப்பாருட் பலர் அங்குப் படித்தவர்கள். உங்கள் பெட்டிகளிற் கடிதமோ, விடுதிச் சீட்டோ, குழுப்படமோ இருப்பின், படத்தின் பின்புறம் நிற்பவர் பெயரை இன்றே பென்சிலால் எழுதிவையுங்கள். மூலத்தைக் கொடுக்க மனமில்லாதோர் படியெடுத்துக் கொடுத்தாலும் போதும். பாட்டனாரின் புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்துள்ளேன். கூட்டம் முடிந்ததும் பார்க்கலாம். தாள் மிக நொறுங்கும் நிலையிலுள்ளது. புரட்டுவதை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள்.