பள்ளியில் எழுதுவதை வீட்டில் அழிக்க வேண்டாம்

(ஈரோட்டில் ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில், முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தைகளின் பெற்றோர் கூட்டத்தில் ஓர் உபாத்தியாயர் பேசியது)



இவ்வாண்டு புதிதாகச் சேர்ந்திருக்கும் குழந்தைகளின் தாய் தகப்பன்மாராகிய உங்களை வரவேற்கும் வேலையும், இங்கு வகுப்பு எப்படி நடக்கும், உங்களிடம் நாங்கள் எதிர்பார்ப்பது என்ன என்பதைச் சொல்லும் வேலையும் எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. வரவேற்பு என்றால் சந்தனமும் தாம்பூலமும் இருக்கும் என்று நினைத்து வந்தவர்கள் ஏமாற வேண்டியதுதான். தறியை நிறுத்திவிட்டும், மஞ்சள் மண்டியில் அரை நாள் கூலியை விட்டுவிட்டும் இங்கே வந்திருக்கிறீர்கள். அந்தக் கூலிக்கு ஈடாக ஏதாவது பிரயோஜனமான சங்கதி சொல்வதுதான் நான் செய்யக்கூடிய மரியாதை.

போன வாரம் ஒரு தகப்பனார் என்னிடம் வந்து, "ஏனுங்க வாத்தியாரே, செவ்வாக்கிழமை புள்ளையைச் சேர்த்தலாமுங்களா? நல்ல நாள் பார்த்துத்தான் கூட்டிட்டு வரோணுமுங்களா?" என்று கேட்டார். குழந்தைக்கு ஐந்து வயது முடிந்திருந்தால் போதும், கிழமை வேண்டியதில்லை என்று சொன்னேன். நல்ல நாள் பார்த்து நெல்லில் எழுத வைத்த குழந்தை மறு மாதம் பள்ளிக்கு வராமல் நின்றுவிட்டால் அந்த நாள் என்ன செய்யும்? இராகுகாலத்தில் சேர்ந்த குழந்தை தினமும் வந்தால் அந்த இராகு என்ன செய்யும்? ஆகவே, நல்ல நாள் என்பது பிள்ளை பள்ளிக்கு வந்த நாள். கெட்ட நாள் என்பது வராமல் நின்ற நாள். இதற்கு மேல் பஞ்சாங்கம் தேவையில்லை.

நாங்கள் எதிர்பார்க்கும் முதல் விஷயமும் இதுதான். தினமும் அனுப்புங்கள். மாரியம்மன் நோம்பிக்கு ஒரு வாரம், மாமன் வீட்டுச் சீருக்கு நான்கு நாள், மஞ்சள் வேக வைக்கும் காலத்தில் பத்து நாள், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஒரு மாதம் என்று நிறுத்தினால், அந்தக் குழந்தை திரும்பி வரும்போது மற்றப் பிள்ளைகள் வாசிக்கத் தொடங்கியிருப்பார்கள். அது எழுத்தைப் பார்த்துப் பயப்படும். பிறகு, "எம் புள்ளைக்குப் படிப்பு ஏறலைங்க, அவன் தலையெழுத்து" என்பீர்கள். அது தலையில் எழுதியதல்ல, தோழர்களே! ஆஜர்ப் பட்டியலில் எழுதியது.

"எப்படியும் தறிக்குத்தான் போகப் போகிறான், கொஞ்சம் படித்தால் போதாதா?" என்று கேட்பவர்களும் உண்டு. இந்தக் கேள்வி புதியதல்ல. 1953-ஆம் ஆண்டில் சென்னை இராஜ்யத்தில் முதன்மந்திரியாக இருந்த இராஜகோபாலாச்சாரியார், கிராமத்துப் பிள்ளைகளுக்கு அரை நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் தகப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். அதைத்தான் குலக்கல்வித் திட்டம் என்று சொல்லி நாடு முழுவதும் எதிர்த்தார்கள். இந்த ஈரோட்டிலேயே எதிர்ப்பு மாநாடு கூடிற்று. 1954-இல் காமராஜர் முதன்மந்திரியானவுடன் அத்திட்டம் ஒழிந்தது. சர்க்கார் போட்ட அந்தத் திட்டத்தை ஒழிக்க அவ்வளவு பேர் பாடுபட்டார்கள். இப்போது நீங்கள் உங்கள் வீட்டில் நீங்களாகவே அதை மறுபடியும் போட்டால் அதை யார் வந்து ஒழிப்பது?

நிற்க. இரண்டாவது விஷயம், உட்காருவதும் சாப்பிடுவதும். இங்கே குழந்தைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். எந்த வளவிலிருந்து வருகிறது என்று கேட்கமாட்டோம். இன்று ஒரு குழந்தையோடு உட்காருவது நாளை வேறொரு குழந்தையோடு உட்காரும். காலைச் சாப்பாடும் மத்தியானச் சாப்பாடும் ஒரே வரிசையில்தான். இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள்.

சேரன்மாதேவி குருகுலம் பற்றி உங்களில் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். வ. வே. சு. அய்யர் நடத்திய அந்தப் பள்ளிக்குத் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு 5,000 ரூபாய் கொடுத்திருந்தது. பொதுஜனங்கள் பணத்தில் தேசத் தொண்டர்களை உண்டாக்கப் போவதாகச் சொன்ன அந்த இடத்தில், பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனியிடத்தில் சாப்பாடு, மற்றப் பிள்ளைகளுக்கு வேறிடத்தில் சாப்பாடு! 1924, 1925-ஆம் ஆண்டுகளில் இதை எதிர்த்து வரதராஜுலு நாயுடுவும், காங்கிரஸ் காரியதரிசியாயிருந்த நமது ஊர் ஈ. வெ. ராமசாமியும் கிளர்ச்சி செய்தார்கள். 'பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டால் என்ன, இதற்கா இவ்வளவு சண்டை?' என்று அன்று கேட்டவர்களும் இருந்தார்கள். குழந்தை புத்தகத்தில் படிப்பதை மறந்தாலும் மறக்கும். தன்னை எங்கே உட்கார வைத்தார்கள் என்பதை ஒரு நாளும் மறக்காது. அந்தச் சண்டைக்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

அது நூறு வருஷத்துக்கு முந்திய கதை, இப்போது யார் அப்படிச் செய்கிறார்கள் என்பீர்கள். 2018-ஆம் ஆண்டில் பக்கத்து ஜில்லாவாகிய திருப்பூரில், அவிநாசிக்கருகில் திருமலைக்கவுண்டன்பாளையத்தில், அரசுப் பள்ளிச் சத்துணவுச் சமையலுக்கு ஓர் அருந்ததியர் அம்மையார் வந்தார். அவர் சமைத்ததைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக்கூடாது என்று சில பெற்றோர் தகராறு செய்தார்கள். அதிகாரியும் அந்த அம்மையாருக்கே மாற்றல் உத்தரவு போட்டார். பிறகு எதிர்ப்புக் கிளம்பி அந்த உத்தரவு ரத்தாயிற்று. தகராறு செய்தவர்கள் மேல் வழக்கும் பதிவாயிற்று. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், சோறு வேண்டாமென்று சொன்னது குழந்தைகளல்ல, பெற்றவர்கள்.

பள்ளியில் சோறு போடுவதென்பது இந்நாட்டில் யாரோ தருமப் பிரபு போட்ட பிச்சையல்ல. 1920-இல் நீதிக்கட்சிக்காரர்கள் சென்னை நகரசபையில் ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கினார்கள். 1956-இல் காமராஜர் காலத்தில் அது நாடெங்கும் பரவ ஆரம்பித்தது. 1982-இல் எம். ஜி. ஆர். சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பரில் காலைச் சிற்றுண்டி தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கும் வந்தது. பசிக்கிற வயிற்றோடு எழுத்து ஏறாது என்பதைக் கண்டுகொண்டு செய்த காரியம் இது. அந்தச் சோற்றைச் சமைத்த கை எந்த ஜாதிக் கை என்று பார்த்தால் நஷ்டம் சமைத்தவருக்கல்ல, உங்கள் பிள்ளைக்குத்தான்.

மூன்றாவது விஷயம், கேள்வி கேட்பது. எங்கள் வகுப்பில் குழந்தைகள் பேசுவார்கள். ஏன், எப்படி என்று கேட்பார்கள். "வகுப்பு சந்தைக்கடை மாதிரி இருக்குதுங்களே" என்று குறைப்படாதீர்கள். கை கட்டி வாய் பொத்தி உட்கார்ந்திருக்கும் பிள்ளை நல்ல பிள்ளை என்பது பழைய கணக்கு. சந்திரனை ஏன் பகலிலும் பார்க்கிறோம் என்று வீட்டில் வந்து கேட்டால், தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால், "எனக்குத் தெரியலை கண்ணு, நாளைக்கு வாத்தியாரைக் கேளு" என்று சொல்லுங்கள். தெரியாது என்று சொல்வதில் அவமானமில்லை. "அப்படியெல்லாம் கேட்டா சாமி கண்ணைக் குத்திரும்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இதோடு சேர்ந்தது அடி. "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க" என்று சொல்லி விட்டுப் போகும் தகப்பன்மார் இன்னும் இருக்கிறார்கள். அந்த அதிகாரம் எங்களுக்குமில்லை, உங்களுக்குமில்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடுத்திருக்கிறது. அடிக்குப் பயந்து சொல்லும் பாடம் அடிக்கிற கை ஓய்ந்தவுடன் மறந்துபோகும். புரிந்து படித்த பாடம் யார் ஓய்ந்தாலும் நிற்கும்.

நான்காவது, எழுத்து. உங்கள் வீட்டு அப்பத்தாமார் தாங்கள் படித்த பழைய புத்தகங்களில் 'லை', 'ணை', 'றா', 'னா' போன்ற எழுத்துக்கள் வேறு உருவத்தில் இருந்ததைச் சொல்வார்கள். மற்ற எழுத்துக்களைப் போல இல்லாமல் இவற்றுக்கு மட்டும் தனித்தனிக் கொம்பும் சுழியும் இருந்தபடியால், பிள்ளைகள் ஒவ்வொன்றையும் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. இந்த ஈரோட்டிலிருந்து வெளிவந்த 'குடி அரசு' பத்திரிகை 1935-இல் அப்படிப்பட்ட 13 எழுத்துக்களைச் சீர்திருத்தி அச்சடித்தது. தமிழே கெட்டுப்போயிற்று என்று பண்டிதர்கள் சிலர் சொன்னார்கள். 1978-இல் தமிழ்நாடு சர்க்காரே அதை ஏற்றுக்கொண்டது. இன்று உங்கள் குழந்தை சுலபமாகப் படிக்கிற எழுத்து அதுதான். எழுத்து கலைமகள் கொடுத்ததென்றால் அதை யார் திருத்தியிருக்க முடியும்? மனிதன் செய்தது, மனிதன் சௌகரியத்துக்காகத் திருத்தினான், அவ்வளவுதான். இதில் உங்களுக்குள்ள வேலை என்னவென்றால், தினமும் கால் மணி நேரம் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "எனக்குப் படிச்சுக் காட்டு" என்று கேட்பது. உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. காது கொடுத்தால் போதும். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள்.

பெண் குழந்தைகளுக்கும் இதே விதிதான். 2011-ஆம் ஆண்டு ஜனக்கணக்குப்படி தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 80 பேர். ஈரோடு ஜில்லாவிலோ 73 பேருக்குள்தான். பெண்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. இவ்வளவு பேசிய ஊரில் கணக்கு இப்படி என்றால் வெட்கப்பட வேண்டாமா? பேசியது போதாது, பெண்ணைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்பதுதான் இதற்கு அர்த்தம்.

எல்லாவற்றிலும் முக்கியமானதை முடிவில் சொல்கிறேன். பிள்ளை எங்களிடம் இருப்பது ஆறு மணி நேரம். உங்களிடம் இருப்பது பதினெட்டு மணி நேரம். ஒரு நாள் என் வகுப்பில் ஒரு பெண் குழந்தை தாகத்தில் தவித்தது. பக்கத்துக் குழந்தை தண்ணீர்ப் பாட்டிலை நீட்டிற்று. வாங்க மாட்டேன் என்றது. ஏன் கண்ணு என்று கேட்டேன். "அந்த வளவுக்காரங்ககிட்டத் தண்ணி வாங்கிக் குடிக்கக் கூடாதுன்னு ஆத்தா சொல்லுச்சு" என்றது. ஆறு வயதுக் குழந்தை! அதற்கு ஜாதி என்றால் என்னவென்று தெரியாது, தாகம் தெரியும். தெரியாத ஒன்றுக்காகத் தெரிந்த தாகத்தைப் பொறுத்துக்கொள்ள வீட்டில் கற்பித்திருக்கிறார்கள். நான் மூன்று மாதம் ஒரே வரிசையில் உட்கார வைத்ததை ஒரு வார்த்தை அழித்துவிட்டது.

இது வளர்ந்தால் எங்கே போய் நிற்கும்? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை அதே பள்ளியில் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதன் பிறகு ஆராய்ந்த நீதிபதி சந்துரு குழு, ஜாதியைக் காட்டும் கயிறுகளைப் பிள்ளைகள் கையில் கட்டி வருவதைத் தடுக்க வேண்டுமென்று 2024-இல் சர்க்காருக்குச் சொல்லியிருக்கிறது. பதினேழு வயதில் அரிவாள் எடுத்த கை, ஐந்து வயதில் தண்ணீர் வாங்க மறுத்த கையாக இருந்திருக்கலாம் அல்லவா? ஆதலால் கயிறு கட்டாமல் அனுப்புங்கள்; கையிலும் வேண்டாம், மனதிலும் வேண்டாம்.

தவறு உங்கள் பக்கம் மட்டும்தான் என்று சொல்ல நான் வரவில்லை. 2022-ஆம் ஆண்டின் கடைசியில் நம் ஜில்லாவிலேயே, பெருந்துறை வட்டாரத்தில், தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளைக் கக்கூசு கழுவ வைத்ததாக ஒரு தாய் புகார் கொடுத்து, வழக்குப் பதிவாகிக் கைதும் நடந்தது. வாத்தியார் என்பதற்காக யாரையும் தெய்வமென்று கும்பிடாதீர்கள். கும்பிட்டால் கேள்வி கேட்க முடியாது. சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்குப் பேர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். அந்தக் கூட்டத்துக்கு வாருங்கள். சோறு சரியில்லை என்றால் சொல்லுங்கள். நாங்கள் அடித்தால் கேளுங்கள். உங்கள் பிள்ளையை ஒதுக்கி உட்கார வைத்தால் எழுதிக் கொடுங்கள். நாங்கள் உங்களிடம் எதிர்பார்ப்பதுபோல நீங்களும் எங்களிடம் எதிர்பார்த்தால்தான் பள்ளிக்கூடம் நடக்கும்.

ஆகவே, தாய்மார்களே! தோழர்களே! தினமும் அனுப்புங்கள், கூடச் சாப்பிட விடுங்கள், கேள்வி கேட்க விடுங்கள், படித்ததைக் கேளுங்கள். நான் சொன்னதில் தப்பு இருந்தால் இங்கேயே கேட்கலாம். சரியென்று உங்கள் புத்திக்குப் பட்டதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் நாங்கள் பலகையில் எழுதுவதை இரவில் நீங்கள் அழிக்காதிருந்தால், அதுவே நீங்கள் இப்பள்ளிக்குச் செய்யும் பெரிய உதவி என்று சொல்லி என் பேச்சை முடித்துக்கொள்கிறேன்.