காட்டுப் பாதையும் மிதிவண்டியும்



மாஹிம் கடற்கழியின் கரையில் நின்று நோக்குவோர்க்கு மித்தி ஆறு ஓர் ஆறாகவே தோன்றாது. கரிய நீரும், அதில் மிதந்து வரும் குப்பையும், ஓரங்களில் ஒதுங்கி நிற்கும் அலையாத்திச் செடிகளும் கண்டு, இதனை ஒரு சாக்கடை என்றே எண்ணுவர். ஆயினும் அந்நீர் பிறப்பது ஒரு காட்டில். இன்று சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா என வழங்கும் வனத்தின் நடுவே, 1860-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற விஹார் ஏரியும், அதற்குத் தெற்கேயுள்ள பவாய் ஏரியும் மழைக்காலத்தில் நிரம்பி வழிகின்றன. அவ்வாறு வழியும் நீரே மித்தி ஆறாகி, ஏறக்குறைய 18 கிலோமீட்டர் ஓடி, தாராவியின் விளிம்பைத் தொட்டு, மாஹிமில் கடலை அடைகிறது.

ஆற்றின் முடிவிடத்தில் குடியிருக்கும் நாம், அதன் தொடக்கத்தையும் கண்டு வரவேண்டும் என்னும் ஆவலால், ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், அலுவலக நண்பர் ஒருவருடன் மிதிவண்டியில் புறப்பட்டோம். அப்பயணத்தில் எழுந்த ஒரு வினாவே இன்றைய பேச்சின் பொருள். காட்டிலும் மலையிலும் மிதிவண்டிக்கு இடமுண்டா? உண்டெனில், எந்த ஒழுங்குக்கு உட்பட்டு?

மலைப்பாதைகளில் மிதிவண்டி செலுத்துவது ஒரு விளையாட்டாக உருப்பெற்றது 1970-களில்தான். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மேரின் என்னும் மாவட்டத்து மலைச்சரிவுகளில், இளைஞர் சிலர் பருத்த டயர்கள் பூட்டிய பழைய வண்டிகளை மேலே கொண்டுபோய், மண்பாதை வழியே கீழே விட்டு மகிழ்ந்தனர். 1976 அக்டோபரில் இவர்கள் ஒரு பந்தயமே தொடங்கினர். அதற்கு 'ரீபேக்' என்று பெயர். இறக்கம் மிகக் கடுமையானதாகையால், பின்சக்கரத்து பிரேக்கிலிருந்த கிரீஸ் சூடேறிப் புகைந்து போய்விடும். ஒவ்வொரு முறை இறங்கியதும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் வந்த பெயர் அது. இருபதே ஆண்டுகளில், 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில், இவ்விளையாட்டு இடம்பெற்றுவிட்டது.

ஆனால் விளையாட்டு வளர்ந்த இடத்திலேயே வழக்கும் வளர்ந்தது. நடந்து செல்வோரும் குதிரை ஏறிச் செல்வோரும், "எங்கள் அமைதி போயிற்று, வளைவில் திடீரென வண்டி வந்து எங்களை அச்சுறுத்துகிறது" என்று முறையிட்டனர். ஆகவே அம்மாவட்டத்தில் மிதிவண்டிக்கு மணிக்கு 15 மைல் என்றும், வளைவுகளில் 5 மைல் என்றும் வேகவரம்பு விதிக்க நேர்ந்தது.

இவ்வழக்கைத் தீர்ப்பதற்கு உதவும் நெறியொன்று, இவ்விளையாட்டு தோன்றுமுன்னரே, இங்கிலாந்தில் சட்டமாகியிருந்தது என்பது வியப்புக்குரியது.

இங்கிலாந்தின் தென்பகுதியில் 'டவுன்ஸ்' எனப்படும் சுண்ணக்கட்டி மேடுகள் உள்ளன. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் முதலில் ஓர் இடறலாயிற்று. 'டவுன்' என்றால் கீழே என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். இங்கோ அது மேட்டைக் குறிக்கிறது. குன்று என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லொன்றின் வழிவந்தது இது. உதகமண்டலத்துக்குச் சென்றிருக்கும் நேயர்கள் அங்கே 'வென்லாக் டவுன்ஸ்' என்னும் புல்வெளிகளைக் கண்டிருப்பர். அலை அலையாய் உயர்ந்து தாழும் பசும்புல் மேடுகள். மடிப்புகளில் சோலை எனப்படும் பழங்காடுகள். அக்காட்சியை மனத்தில் கொண்டால் இங்கிலாந்து மேடுகளையும் ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம். அங்கும் புல்மேடுகளை அடுத்துப் பழங்காடுகள் உண்டு. 1600-ஆம் ஆண்டு முதல் இடையறாது காடாகவே இருந்துவரும் நிலத்தைத்தான் அந்நாட்டினர் பழங்காடு எனப் பெயரிட்டுப் போற்றுகின்றனர்.

அம்மேடுகளின் முதுகின் மீது, ஈஸ்ட்போர்ன் என்னும் கடற்கரை நகரிலிருந்து மேற்கே செல்லும் ஒரு நெடும்பாதை, 1972-ஆம் ஆண்டில் முறையாகத் திறக்கப்பெற்றது. பின்னர் அது வின்செஸ்டர் நகர்வரை நீட்டப்பெற்று, இன்று ஏறக்குறைய 160 கிலோமீட்டர் நீளமுள்ளதாய் விளங்குகிறது. நடப்போர், குதிரையில் செல்வோர், மிதிவண்டியில் செல்வோர் ஆகிய முத்திறத்தாரும் அதன்மேல் செல்கின்றனர். இதற்கு வழிவகுத்தது 1968-ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம். குதிரைப் பாதைகளில் மிதிவண்டியும் செல்லலாம் என அச்சட்டம் உரிமை அளித்தது. அவ்வுரிமையோடு ஒரு கடமையையும் சேர்த்தே விதித்தது: நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் மிதிவண்டிக்காரர் வழிவிட வேண்டும். மேலும், மிதிவண்டிக்கு வாகாகப் பாதையைச் செப்பனிட்டுத் தரும் பொறுப்பு அதிகாரிகளுக்கு இல்லை என்றும் கூறிற்று. அதாவது, பாதை உனக்காக வளைந்து கொடுக்காது. நீதான் பாதைக்கு ஏற்ப நடந்துகொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து.

மனிதருக்கு வழிவிடுவது ஒன்று. வழிவிட வேண்டிய இன்னொன்றும் உண்டு, அதுவே நீர். இதனை நாம் ஏட்டில் படித்து அறியவில்லை, பட்டறிந்தோம்.

அன்று காலை நாம் சென்றது ஆரே காலனிக்கு. 1949-இல் மாட்டுப் பண்ணைகளுக்காக நிறுவப்பெற்ற அக்குடியிருப்பு, தேசியப் பூங்காவை ஒட்டியே அமைந்துள்ளது. பூங்காவினுள் அனுமதியின்றிப் பாதை விலகிச் செல்வது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்; சிறுத்தைகள் உலவும் காடாகையால் அறிவீனமும் ஆகும். எனவே ஆரேயின் மண்பாதையே போதும் என்று எண்ணினோம். ஆற்றின் பக்கமாகச் சாயும் ஒரு சரிவைக் கண்டதும், நாற்பது வயதைக் கடந்தோம் என்பதையும் மறந்து, சிறுவரைப் போல் நேர்கீழாக வண்டியை விட்டோம். பாதி வழியில் அஞ்சி பிரேக்கை இறுகப் பிடித்தோம். பின்சக்கரம் சுழலாமல் மண்ணைக் கீறிக்கொண்டே சென்றது.

சரிவின் அடியில் ஒரு மூதாட்டி தலையில் விறகுக் கட்டுடன் வந்துகொண்டிருந்தார். அப்பகுதியில் தலைமுறை தலைமுறையாக வாழும் வார்லி மக்களுள் ஒருவர். எமது வண்டியைக் கண்டதும் அவர் பாதையை விட்டு முட்புதருக்குள் இறங்கி நின்றுவிட்டார். நாம் வெட்கி, வண்டியிலிருந்து இறங்கி, "மாவ்ஷி, நீங்கள் செல்லுங்கள்" என்று மராத்தியில் வேண்டினோம். அவரோ, "நீ போப்பா, உனக்குத்தான் அவசரம்" என்றார். அவர் குரலில் சினம் இல்லை. சினந்திருந்தால் நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்தப் பாதை அவருடைய பாட்டிமார் நடந்து நடந்து உண்டாக்கிய பாதை. விடுமுறை இன்பத்துக்காக வந்த நமக்கு, பிழைப்புக்காக நடப்பவர் ஒதுங்கி நிற்பதா?

ஜூலை மாதத்தில் மீண்டும் அங்கே சென்றோம். இம்முறை வண்டியை உருட்டிக்கொண்டு நடந்தே சென்றோம். நாமும் நம்மைப் போன்ற பிறரும் சக்கரத்தால் கீறிய அத்தடம் அரையடி ஆழத்துக்கு ஓர் ஓடையாகியிருந்தது. செந்நீர் அதன் வழியே துள்ளிப் பாய்ந்தது. அம்மண் எங்கே செல்லும்? ஆற்றுக்குச் செல்லும், ஆற்றின் வழியே நமது மாஹிமுக்கே வந்து சேரும்!

இதன் காரணத்தைச் சிறிது விளக்குவோம். சுண்ணக்கட்டி நிலம் நுண்துளைகளும் வெடிப்புகளும் உடையது. மழைநீரை உள்ளே வாங்கிக்கொள்ளும். அங்குங்கூட, பல நூற்றாண்டுகளாக வண்டிச் சக்கரங்களும் குளம்புகளும் பட்டு, ஆள் உயரத்துக்கு மேல் பள்ளமாகிப்போன பாதைகள் உள்ளன. மும்பையின் மலைகளோ, ஏறக்குறைய 66 கோடி அல்ல, 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான கரும்பாறை. அதன்மீது மண் ஒரு மெல்லிய போர்வையே. ஜூன் முதல் செப்டம்பர் வரையில் இங்கே பெய்யும் மழையோ 2,000 மில்லிமீட்டருக்கும் மேல். சக்கரம் மண்ணை அழுத்தி இறுக்குகிறது. இறுகிய மண்ணுள் நீர் இறங்காது. இறங்காத நீர் தடத்தையே வாய்க்காலாகக் கொண்டு ஓடும்.

ஆகையால் நல்ல பாதை வகுப்போர் சில விதிகளைக் கையாள்கின்றனர். பாதை மலையின் மீது நேராக இறங்கலாகாது. சரிவின் குறுக்கே, சமமட்டக் கோட்டை ஒட்டி வளைந்து செல்ல வேண்டும். பாதையின் சாய்வு, அது கடக்கும் மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேற்படலாகாது. பாதையின் வெளிப்புறம் சற்றே தாழ்ந்திருக்க வேண்டும். அப்பொழுதுதான் நீர் குறுக்கே கடந்து போகும். இடையிடையே சிறு ஏற்றம் ஒன்று அமைத்தால், நீர் பாதையோடு ஓடாமல் அங்கே வெளியேறிவிடும். நம் நாட்டு உழவர் வரப்பும் மடையும் அமைக்கும் அறிவே இது, புதிதன்று. மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும் நாட்களில் வண்டியே ஓட்டாதிருப்பது எல்லா விதிகளுக்கும் தலையாயது.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து, மித்தி ஆறு கரை புரண்டதை மாஹிமிலும் தாராவியிலும் வாழ்வோர் மறக்க இயலாது. அதற்கு மிதிவண்டித் தடங்களைக் குற்றஞ்சாட்டுவது நகைப்புக்கிடமாகும். ஆற்றை ஒடுக்கிய கட்டடங்களும், அடைத்த குப்பையும், அன்று ஏறிவந்த கடலும் அதற்குக் காரணங்கள். எனினும், மேலே சரிவில் பிடித்து நிறுத்தும் ஒவ்வொரு கூடை மண்ணும் கீழே ஆற்றின் அடியில் படியாத மண் என்பதை நினைவிற் கொள்வது நன்று.

அப்படியாயின், காட்டருகே மிதிவண்டியே வேண்டாம் என்று தடுத்துவிடலாமா? அதற்கும் நம் மனம் இசையவில்லை. தாராவியிலும் மாஹிமிலும் ஒண்டுக் குடித்தனங்களில் வளரும் சிறுவர்க்கு, மரநிழலைக் காண்பதற்கு மலிவான வாகனம் வேறு யாது? காட்டை ஒருமுறையேனும் கண்ணால் காணாதவன் அதைக் காக்க முன்வருவான் என்று எவ்வாறு எதிர்பார்ப்பது? குப்பை கொட்டிய நிலத்தில் மரம் வளர்த்து, 1994-இல் மாஹிம் இயற்கைப் பூங்காவைத் திறந்தனர். பாழ்நிலம் வனமாகக் கூடுமெனில், காட்டுக்கு வெளியே ஏற்கெனவே சிதைந்து கிடக்கும் சரிவுகளில் ஒன்றிரண்டு பாதைகளை முறைப்படி வகுத்து இளைஞர்க்கு அளிப்பது இயலாத செயலன்று. அப்பாதையின் முகப்பில் நீண்ட அறிவிப்புப் பலகை வேண்டியதில்லை. நடப்பவருக்கு வழிவிடு, நீருக்கு வழிவிடு என்னும் இரண்டே கட்டளைகள் போதும்.

நாம் இப்போதும் ஆரேக்குச் செல்கிறோம். மண்பாதை தொடங்கும் இடத்தில் வண்டியை விட்டு இறங்கிவிடுகிறோம். அம்மூதாட்டியை மீண்டும் காணும் பேறு கிட்டவில்லை. கண்டால், இம்முறை புதருக்குள் இறங்கி நிற்பவர் நாமாகவே இருப்போம்.