கையொப்பம் இல்லாத இழப்பு: 19ஆம் நூற்றாண்டு ஜொகூரின் பூர்வகுடிகள்

வட அமெரிக்கச் சமவெளியில் காட்டெருமையை நம்பி வாழ்ந்த செயன் மக்கள், 1851ஆம் ஆண்டு லாரமி கோட்டையில் அமெரிக்க அரசுடன் உடன்படிக்கை செய்துகொண்டு, 1864ஆம் ஆண்டு சாண்ட் கிரீக்கில் அவ்வரசின் படைவீரர்களாலேயே கொல்லப்பட்ட வரலாறு உலகறிந்தது. அதே காலத்தில் மலாயாவில் உள்ள ஜொகூரின் கழிமுகங்களிலும் உள்காடுகளிலும் வாழ்ந்த பூர்வகுடிகளின் நிலம் கைமாறியதற்குப் போர்க்களமும் இல்லை, அவர்கள் கையொப்பமிட்ட ஏடும் இல்லை. ஆகவே அவ்விழப்பு எளிதில் கண்ணில் படுவதில்லை.

படகையே வீடாகக் கொண்ட ஓராங் லாவுட் எனும் கடல் மக்கள், பழைய ஜொகூர் அரசின் கடற்படையாக விளங்கியவர்கள். அவர்களுள் சிங்கப்பூரின் காலாங் ஆற்றில் வாழ்ந்த பிடுவண்டா காலாங் பிரிவினர், 1819இல் ஆங்கிலேயர் வந்தபின், அப்பகுதியை ஆண்ட தெமெங்கோங் எனும் பெருந்தலைவரால் ஜொகூரின் பூலாய் ஆற்றுக்குப் பெயர்க்கப்பட்டனர். ஏறத்தாழ 100 குடும்பங்களாக இருந்தவர்கள், 1847இல் ஜே. ஆர். லோகன் எனும் ஆய்வாளர் அவர்களைப் பற்றி எழுதியபோது, பெரியம்மைக்கு இரையாகி 8 குடும்பங்களாகச் சுருங்கியிருந்தனர். எண்கள் இரண்டே; ஒரு குலம் ஏறக்குறைய அழிந்த கதை முழுவதும் அவற்றுக்குள் அடங்கிவிடுகிறது.

உள்நாட்டு ஜாக்குன் மக்களைத் தொட்டது வேறொரு விசை. தாபான் எனும் மரத்தின் பால், கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகப் பயன்படும் என்பது தெரியவந்ததும் அதன் விலை ஏறியது. காட்டை அறிந்த பூர்வகுடிகளே அதைத் திரட்ட, வாணிகத்தின் ஆதாயம் தெமெங்கோங் டாயேங் இப்ராகிமின் கைக்குச் சென்றது. ரப்பர் மரத்தைப் போல் நாள்தோறும் கீறிப் பாலெடுக்கும் முறை அன்று தாபானுக்கு இல்லை. மரத்தை வெட்டிச் சாய்த்தே பால் வடித்தனர் என்பதால், எட்டும் தொலைவிலிருந்த மரங்கள் சில ஆண்டுகளிலேயே தீர்ந்தன.

1844 முதல் வழங்கப்பட்ட ஆற்றுச் சீட்டுகள், அதாவது ஓர் ஆற்றோரத்தில் மிளகும் கம்பீர் எனும் செடியும் பயிரிடச் சீனத் தலைவர்களுக்கு அளிக்கப்பட்ட உரிமை ஆவணங்கள், காட்டைத் தோட்டமாக்கின. 1855ஆம் ஆண்டு உடன்படிக்கையில் கெசாங், மூவார் ஆறுகளுக்கு இடைப்பட்ட பகுதி நீங்கலாக ஜொகூரின் ஆட்சியைச் சுல்தான் அலி தெமெங்கோங்கிடம் ஒப்படைத்தார். அந்த ஏட்டில் பூர்வகுடிகள் ஒரு தரப்பாகவே இல்லை. செயன் மக்களுக்கு, மீறப்பட்டதேனும் சுட்டிக்காட்ட ஓர் உடன்படிக்கை இருந்தது. ஜாக்குன் மக்களுக்கு அதுவும் இல்லை.

பின்னர் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்த ஜொகூர் நிலம் ஆளற்ற காடாக இருக்கவில்லை என்பதை, அத்தோட்டங்களில் பால்வெட்டிய தமிழரின் வரலாற்றை எழுதுவோரும் பதிவுசெய்தாக வேண்டும். நில இழப்பு அடுத்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது: ஜொகூரின் லிங்கியு நீர்ப்பிடிப்புப் பகுதியில் 53,273 ஏக்கர் மூதாதையர் நிலத்தை இழந்த 52 ஜாக்குன்களுக்கு 2 கோடியே 65 லட்சம் ரிங்கிட் இழப்பீடு வழங்குமாறு ஜொகூர் பாரு உயர் நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. அம்மக்கள் அக்காட்டில் நடமாடவும் அதன் விளைபொருளால் வாழவும் கொண்டிருந்த மரபுரிமையை அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.