அடுப்படியும் ஆரோக்கியமும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"வேலைப்பளு மிக்க பெற்றோரும் பிள்ளைகளின் உணவும்" என்ற பொருளிற் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். பல்கலைக்கழகத்திற் படிக்கும் பையன், அடுப்பு மூட்டத் தெரியாதவன், இதைப்பற்றி என்ன பேசப்போகிறான் என்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார் எண்ணக்கூடும். போன வருடம்வரை அந்த எண்ணம் முற்றிலும் சரியானதே.

நமது ஜிந்துப்பிட்டியின் காலைப்பொழுதை நினைத்துப் பாருங்கள். தகப்பனார் செட்டியார் தெருவிலோ புறக்கோட்டையிலோ கடை திறக்க ஓடவேண்டும். தாயார் தையற்சாலைக்கோ கந்தோருக்கோ போகவேண்டும். பிள்ளைகளுக்குப் பாடசாலை மணி அடித்துவிடும். ஆகவே பாணும் மாஜரினும், சீனி போட்ட தேநீரும். இடைவேளைக்கு ஒரு பணிஸ். மாலையில் டியூசனுக்குப் போகும் வழியில் ரோல்ஸ். இரவில் எல்லாரும் களைத்து வந்தபின் கொத்து ரொட்டிப் பார்சல். நான் எவரையும் குறைகூறவில்லை. எங்கள் வீட்டு நடப்பையே சொன்னேன்.

போன வருடம் என் தந்தையாரின் காலைச் செருப்புக் கடித்தது. மூன்று வாரமாகியும் புண் ஆறவில்லை. இரத்தத்தைச் சோதித்த வைத்தியர், நீரிழிவு பல ஆண்டுகளாகவே இருந்திருக்கிறது என்றார். ஒரு விரலை எடுக்கவேண்டியதாயிற்று. அவர் இன்று பின்வரிசையில் இருக்கிறார். அவருடைய அனுமதியுடனேயே இதைச் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரவு நாங்கள் கணக்குப் பார்த்தோம். கடையிலும் வீட்டிலுமாக நாளொன்றுக்கு ஆறு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. ஏறத்தாழ 50 கிராம். வளர்ந்தவர் ஒருவர் இவ்வகைச் சீனியை நாளுக்கு 25 கிராமளவில், அதாவது ஆறு கரண்டியளவில், நிறுத்திக்கொள்வது மேலும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015 ஆம் ஆண்டு ஆலோசனை. அப்பாவோ தேநீரிலேயே அதன் இரட்டிப்பைக் குடித்துவந்தார். இது எங்கள் வீட்டுக் கதை மாத்திரமன்று. 2018, 2019 ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதும் நடந்த ஆய்வில், வளர்ந்தவர்களில் ஐவரில் ஒருவருக்கு மேல் நீரிழிவு காணப்பட்டது.

தம்பியின் கையிலே சோடாப் போத்தல். 2016 முதல் நம் நாட்டில் இனிப்புப் பானங்களின்மேல் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் இடவேண்டுமென்பது சட்டம். நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தாற் சிவப்பு. 2 முதல் 11 வரை மஞ்சள். மஞ்சள்தானே என்று அவன் குடித்த 400 மில்லிலீற்றர்ப் போத்தலில், நூறுக்குப் பத்து வீதம், 40 கிராம் சீனி.

அரிசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1890களில் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், ஐக்மன் என்ற ஒல்லாந்து வைத்தியர், தீட்டிய வெள்ளை அரிசியைத் தின்ற கோழிகள் கால் தள்ளாடி விழுவதையும், தவிடு நீக்காத அரிசி கொடுத்தபோது தேறி நடப்பதையும் கண்டார். பின்பு 1929 இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள அச்சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் ஊறிவிடுகிறது. எங்கள் பாட்டிமார் நோபல் பரிசு வாங்காமலே நெல் அவித்தார்கள்! மிஷன் பாடசாலையில் இக்கதையைச் சொன்ன ஆசிரியர், "உங்கள் வீட்டில் என்ன அரிசி?" என்று கேட்டார். வகுப்பிற் பாதிப்பேருக்கு விடை தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

இவையெல்லாம் தாய்மாருக்குத் தெரியாதவையா? வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டைப் பாருங்கள்: புழுங்கலரிசிச் சோறு, பருப்பு, கீரை, பூசணிக்காய், வாழைக்காய். வாரத்திலே உடம்புக்கு மிக நல்ல சாப்பாடு அன்றைக்குத்தான். அன்றைக்கு மட்டும் நேரம் எங்கிருந்து வருகிறது? அம்மா நான்கு மணிக்கு எழும்புவதால் வருகிறது. இதை இருபத்திரண்டு வருடமாக நான் கவனித்ததில்லை. எனக்குத் தந்த தலைப்பிலே "பெற்றோர்" என்றிருக்கிறது. அடுப்படியைப் பொறுத்தவரை அந்தச் சொல்லுக்குத் தாய் என்றே பொருள். அவரிடம் போய் நல்ல உணவைப் பற்றிப் பிரசங்கம் செய்வது, சுமை தூக்கி வருபவரிடம் நிமிர்ந்து நடக்கச் சொல்வதைப் போன்றது.

ஆதலால் நானும் தம்பியும் கிழமைநாட்களின் காலைச் சாப்பாட்டைப் பொறுப்பேற்றோம். இலைக்கஞ்சி, சிங்களச் சகோதரர் கொலகெந்த என்பார்கள். இரவே ஒரு சுண்டு சிவப்பரிசியை ஊறவைத்துவிடுகிறோம். வல்லாரையோ முருங்கையிலையோ ஆய்ந்து கழுவி வைப்பது தம்பியின் வேலை. காலையில் அரிசி குழைய வேகும்போது, இலையைத் தேங்காய்ப் பூவுடன் அரைத்துப் பிழிந்து, அந்தச் சாற்றைக் கடைசியில் விட்டு ஒரே கொதியில் இறக்குகிறேன். முதல்நாள் அடிப்பிடித்து, வீடெல்லாம் புகை. இப்போது நாற்பது நிமிடத்தில் முடிகிறது. செலவும் பெரிதல்ல. 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவு விலை முந்திய ஆண்டின் இரட்டிப்பை நெருங்கியபோது, எங்கள் வீட்டில் முட்டையும் மீனும் நின்றன. சீனித் தேநீர் நிற்கவில்லை. எதை நிறுத்தியிருக்க வேண்டும் என்று இன்று தெரிகிறது.

வல்லாரை நீரிழிவை மாற்றிவிடும் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படியல்ல, அப்பா தமது குளிசையை ஒருநாளும் விடுவதில்லை. கஞ்சிக்குக் கருப்பட்டியும் அவருக்கில்லை. தேநீர் இப்போது இரண்டு, சீனியின்றி. தம்பி இன்னும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் கஞ்சி குடிக்கிறான். அம்மா ஐந்தரைக்கு எழும்புகிறார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, விரும்பும் இளைஞர்கள் எங்கள் வீட்டுக்கு வரலாம். இலை ஆயத் தெரியாதவர்களுக்கும் இடமுண்டு. கத்தி மட்டும் கொண்டுவாருங்கள், எங்களிடம் இரண்டுதான் இருக்கின்றன.