கரை தொட்டவர் மூவர்



நீர்வேலியின் செம்மண் வாழைத் தோட்டத்தில் நின்று நோக்குவோர்க்குக் கடல் தென்படுவதில்லை. ஆயினும் பருத்தித்துறை வீதியால் வடக்கே சென்று வல்லை வெளியைக் கடந்தால், கப்பலோட்டிப் புகழ்பெற்ற வல்வெட்டித்துறை தொலைவில் இல்லை. அவ்வூரிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல், அவ்வூர் மாலுமிகளைக் கொண்டு 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர்த் துறைமுகத்தை அடைந்தது. இடையிலே பல துறைகளில் தங்கியே அது சென்றது. பாயைத் தைப்பதற்கும், தண்ணீர் ஏற்றுவதற்கும், காற்று மாறும்வரை காத்திருப்பதற்கும் கரையை நாடுதல் கடலோடிகளின் வழக்கம். அதனை எவரும் இழுக்கென எண்ணியதில்லை.

பந்தயம் என்று வந்துவிட்டால் நிலை வேறாகிவிடுகிறது. கரை தொட்ட மூவரின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

முதலாமவர் பிரான்சிஸ் சிச்செஸ்ரர். கடலோடுதல் இவருக்குத் தொழிலன்று. தமது அறுபத்தைந்தாவது வயதில், 1966 ஆகஸ்ட் 27 இல், இங்கிலாந்தின் பிளிமத் துறையிலிருந்து தன்னந்தனியே புறப்பட்டார். சிட்னியை அடையப் பல நாட்கள் இருக்கையிலேயே, படகின் சுக்கானைத் தானே இயக்கும் பொறி முறிந்தது. எனினும் 107 நாட்களில் சிட்னியை அடைந்தார். அங்கே ஏறத்தாழ ஏழு வாரங்கள் தங்கினார். பொறி செப்பனிடப்பட்டது, படகின் அடிக்கட்டையும் திருத்தப்பட்டது. மேலே செல்லவேண்டாமென நண்பர்கள் தடுத்தனர். அவரோ 1967 சனவரி 29 இல் மீண்டும் பாய் விரித்தார். மறுநாள் இரவே படகு கவிழ்ந்து நிமிர்ந்தது. அதனையும் தாங்கி, மே 28 இல் பிளிமத்தை அடைந்தார். சிட்னியில் தங்கியதை அவர் மறைக்கவில்லை. உலகமும் அதனைக் குறையாகக் கொள்ளவில்லை.

அடுத்த ஆண்டில், எங்கும் கரை தொடாது, எவர் உதவியும் பெறாது உலகைச் சுற்றிவரும் பந்தயமொன்றை இலண்டன் ‘சண்டே ரைம்ஸ்’ பத்திரிகை அறிவித்தது. ஒன்பதின்மர் புறப்பட்டனர். அவர்களுள் ஒருவர் டொனால்ட் குறோஹேர்ஸ்ற். மின்னணுக் கருவி வணிகர். ஓய்வுநாட்களில் மட்டுமே படகோட்டிப் பழகியவர். வீட்டையும் வணிகத்தையும் ஈடுவைத்து, முற்றுப்பெறாத படகொன்றில் 1968 அக்டோபர் 31 இல் கடலேறினார். படகோ கடலுக்கு ஆற்றாது பழுதுற்றது. திரும்பினால் கடன், முன்சென்றால் மரணம். இரண்டுக்கும் அஞ்சியவர், அத்திலாந்திக்கிலேயே நின்றுகொண்டு, உலகைச் சுற்றுவதாகப் பொய்யான இடக்கணக்கை எழுதலானார்.

1969 மார்ச் 6 இல், ஆர்ஜென்ரீனாவின் ரியோ சலாடோ என்னும் சிறு துறையில் அவர் இரகசியமாகக் கரையேறினார். பழுதடைந்த மிதவைக்குப் பலகையும் திருகாணியும் பெற்றார். தம் கையாலேயே செப்பனிட்டார். மார்ச் 8 இல் புறப்பட்டார். சிச்செஸ்ரர் சிட்னியிற் செய்ததும் இதுவேயன்றோ? வேறுபாடு ஒன்றே. முன்னவர் கரை தொட்டதை ஊரறியச் சொன்னார்; பின்னவர் அதனை எவர்க்கும் சொல்ல இயலாது போயிற்று.

பொய் பிறரையும் வாட்டியது. குறோஹேர்ஸ்ற் தம்மை நெருங்கிவிட்டார் என்றெண்ணிய நைஜல் ரெற்லி, பழுதுற்ற தம் படகை விரைந்து செலுத்த, அது மே 21 இல் மூழ்கியது. அவர் உயிர்தப்பினார். குறோஹேர்ஸ்ற்றின் குறிப்பேடு யூலை முதலாந் திகதியுடன் நின்றது. யூலை 10 இல் அவரது படகு ஆளின்றி மிதக்கக் காணப்பட்டது. பந்தயத்தை நிறைவுசெய்தவர் றொபின் நொக்ஸ்-ஜோன்ஸ்ரன் ஒருவரே. தமக்குரிய 5,000 பவுண் பரிசை அவர் குறோஹேர்ஸ்ற்றின் குடும்பத்திற்கே அளித்தார்.

அரைநூற்றாண்டின் பின், 2018 இல், அப்பந்தயம் மீண்டும் தொடங்கியபோது விதியிலே ஓர் இரக்கம் புகுந்தது. ஒருமுறை கரை தொட்டவர் முதற்பரிசுக்கு உரியவராகார்; ஆயினும் ‘சிச்செஸ்ரர் வகுப்பு’ என்னும் பிரிவிலே பயணத்தைத் தொடரலாம். 2022 இல் தொடங்கிய பந்தயத்தில் முன்னணியில் நின்றவர் சைமன் கேர்வன். இவரும் தொழின்முறைக் கடலோடியல்லர். தென் பசிபிக்கில் அவரது சுக்கான் பொறி முறிந்தது. அவர் சிலி நாட்டுக் கரையை அடைந்து, வெளிப்படையாகச் செப்பனிட்டு, மீண்டும் கடலேறினார். 2023 ஏப்ரல் 27 இல் பிரான்சின் முடிவெல்லையை முதலிற் கடந்தவரும் அவரே. பரிசு பின்வந்த கேர்ஸ்ரன் நொய்ஷாபருக்குச் சென்றது. இரண்டாமிடம் இந்தியக் கடற்படையில் முன்னர் பணியாற்றிய அபிலாஷ் ரொமிக்குக் கிடைத்தது. எனினும் கேர்வனைக் கரையிற் கூடியோர் மகிழ்ந்தே வரவேற்றனர்.

மூவரும் கரை தொட்டனர். மூவரும் பழுது பார்த்தனர். இருவர் வீடு திரும்பினர்.

பரீட்சையில் ஒருமுறை தவறிய பிள்ளை, அதனை வீட்டிற் சொல்ல அஞ்சிப் புள்ளியைத் திருத்திக் காட்டுவதுண்டு. அப்பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன், அவன் ஒதுங்குவதற்கு ஒரு துறையை நாம் திறந்துவைத்தோமா என எண்ணிப் பார்த்தல் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் கடனாகும். ஓராண்டு தாமதித்தாலும் அவனும் வீடு வந்து சேர்வான்.