பழகிய வழியும் விழிப்பும்



பிறந்த மண்ணை விட்டுப் பிற மாநிலங்களில் வாழ்கின்ற நம்மவருள், தொழிலின் பொருட்டு மாதத்தில் பாதி நாளைப் பயணத்திலேயே கழிப்போர் பலர். சூரத்தில் துணி கொள்முதல் செய்து இந்தூரில் விற்போர் உளர். மும்பையில் குடியிருந்துகொண்டு மாதம் இருமுறை நாகபுரிக்கு வசூலுக்குச் செல்வோர் உளர். இயந்திரங்களைப் பொருத்தவும் பழுது பார்க்கவும் கொல்கத்தாவிலிருந்து ஜாம்ஷெட்பூருக்கும் ரூர்கேலாவுக்கும் விரைவோர் உளர். இத்தகையோர் தம்மையும் தம் பொருளையும் காத்துக்கொள்வது எவ்வாறு என்பதைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

முதன்முறையாக ஓர் ஊருக்குச் செல்லும்போது நாம் எவ்வளவு விழிப்போடு இருக்கிறோம்! பெட்டியைச் சங்கிலியால் பிணைக்கிறோம். பணப்பையை அடிக்கடி தொட்டுப் பார்க்கிறோம். எந்த ரயில், எந்தப் பெட்டி, எந்த விடுதி என்று வீட்டாருக்கு ஒன்றுக்கு மும்முறை சொல்லிவிட்டுக் கிளம்புகிறோம். அதே ஊருக்கு ஐம்பதாவது முறை செல்லும்போது சங்கிலி வீட்டிலேயே கிடக்கிறது. எந்த ரயில் என்று கேட்டால், ‘வழக்கமாகப் போவதுதான்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். வழியில் உள்ள ஆபத்து குறைந்துவிடவில்லை. நம் விழிப்புத்தான் குறைந்திருக்கிறது. அடிக்கடி பயணம் செய்வோருக்குப் பழக்கமே பெரும்பகை என்பதுதான் நாம் இன்று சொல்ல விரும்பும் செய்தி.

வணிகமும் வழிப்பயணமும் தமிழருக்குப் புதியன அல்ல. முற்காலத்து வணிகர் தனியே செல்லாமல் கூட்டமாகச் சென்றனர். அக்கூட்டத்திற்குச் சாத்து என்று பெயர். வழிப்பறிக்கு அஞ்சிக் காவலரையும் உடன் கொண்டனர். சிலப்பதிகாரத்துக் கோவலனும் வணிகர் குடியில் பிறந்தவனே. அவன் மதுரைக் கடைவீதிக்குச் சிலம்பை விற்கத் தனியே சென்றான். எதிரே வந்த பொற்கொல்லனின் தோற்றத்தையும் பேச்சையும் நம்பினான். அவ்விடத்தில் அவனை முன்பே அறிந்தவர் ஒருவரும் இலர். அந்தக் கதையில் ஊழ்வினைக்கு உள்ள இடத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும், அயலூரில் தனியே நின்று முன்பின் அறியாதவரை நம்பும் வணிகனுக்கு அதில் ஒரு பாடமும் உண்டு.

அண்மைக் காலத்தில் எம் நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததைக் கூறுகிறோம். அவர் அகமதாபாதில், நம்மவர் மிகுதியாக வாழும் மணிநகரில் குடியிருப்பவர், ஜவுளித் தரகர். பன்னிரண்டு ஆண்டுகளாக மாதந்தோறும் இந்தூருக்குச் சென்று வருபவர். நீரிழிவு நோயும் உடையவர். அவருடைய மனைவியார் ஒரு சிறு சீட்டில் அவர் பெயர், வீட்டுத் தொலைபேசி எண், இரத்த வகை, உட்கொள்ளும் மருந்து ஆகியவற்றை எழுதி, ஒவ்வொரு பயணத்தின்போதும் அவர் சட்டையின் உட்பையில் வைப்பது வழக்கம். “நான் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா?” என்று அவர் சிரிப்பார். “பிள்ளையாகவே இருங்கள், சீட்டு மட்டும் பையில் இருக்கட்டும்” என்பார் அந்த அம்மையார்.

ஒருநாள் இரவு ரயிலில் எதிர் இருக்கையில் ஒரு பெரியவர் அமர்ந்தார். குடும்பம், பிள்ளைகள், பருத்தி விலை என்று நெடுநேரம் இனிமையாகப் பேசினார். பின்னர்த் தேநீரும் பிஸ்கட்டும் நீட்டினார். மறுப்பது மரியாதையன்று என்று எண்ணி நம் நண்பர் வாங்கி உண்டார். மறுநாட் காலை இந்தூரில் பெட்டியைத் துப்புரவு செய்ய வந்தவர்கள் அவரை நினைவற்ற நிலையில் கண்டெடுத்தனர். வசூல் பணம், கைப்பேசி, துணி மாதிரிகள் அனைத்தும் மறைந்திருந்தன. அரசு மருத்துவமனையில் சேர்த்தபோது உட்பையில் இருந்த அந்தச் சீட்டு மட்டும் எஞ்சியிருந்தது. அதனால்தான் அவர் நீரிழிவு உடையவர் என்று மருத்துவர் உடனே அறிந்தார். அன்று நண்பகலுக்குள் வீட்டிற்குச் செய்தி போயிற்று.

அவருக்கு அடுத்த கட்டிலில் வேறொருவர் கிடந்தார். அவரும் ரயிலில் நினைவிழந்து கண்டெடுக்கப்பட்டவரே. அவரிடம் சீட்டு இல்லை. கட்டிலில் தொங்கிய அட்டையில் ‘பெயர் தெரியாதவர்’ என்று எழுதியிருந்தது. நம் நண்பர் நலமுற்று வீடு திரும்பிய நாளிலும் அந்த அட்டை மாறவில்லை. யாருடைய தந்தையோ, யாருடைய தமையனோ! இழந்த பணத்தைப் பற்றி நண்பர் இப்போது பேசுவதில்லை. அந்த அட்டையைப் பற்றித்தான் பேசுகிறார்.

ஆதலின் முதற் காவல் இதுவே: நாம் எங்கே இருக்கிறோம் என்பதை வீட்டில் ஒருவர் அறிந்திருத்தல் வேண்டும். ரயில் எண், பெட்டி, படுக்கை எண், தங்கும் விடுதி, சந்திக்கப்போகும் வணிகர் பெயர் ஆகியவற்றை எழுதிக் கொடுத்துவிட்டே கிளம்புதல் நன்று. நாள்தோறும் குறித்த ஒரு நேரத்தில் பேசுவது என்று முடிவு செய்துகொண்டால், அந்த நேரம் தவறும்போது வீட்டார் உடனே விசாரிப்பர். எண்களையெல்லாம் கைப்பேசியிலேயே வைத்திருக்கிறோம் என்பார்க்கு ஒன்று சொல்வோம்: திருடன் முதலில் எடுப்பது அதைத்தான். உடலோடு ஒட்டிய சீட்டு ஒன்று எப்போதும் வேண்டும்.

அடுத்தது, அயலார் தரும் உணவு. அன்போடு நீட்டும் கையை மறுப்பது நம் பண்பாட்டில் கடினமே. ‘மருத்துவர் தடுத்திருக்கிறார்’ என்று முகமலர்ச்சியோடு ஒரு சொல் சொன்னால் எவர் மனமும் புண்படாது. நாமே வாங்கிய தேநீரையும் தண்ணீரையும் அயலார் காவலில் விட்டு எழுந்து போகலாகாது. நம் நண்பர் போன்றோரைத் தேர்ந்து வீழ்த்துவோர் முரட்டுத் தோற்றம் உடையவராக வருவதில்லை. நமக்கு மதிப்புத் தோன்றும்படியே வருவர்.

மூன்றாவது, ரொக்கம். 2005-ஆம் ஆண்டில் ஒரு வணிகர், கடைக்காரர்களுக்குக் கொடுப்பதற்காக ஓர் இலட்சம் ரூபாயை இடுப்புப் பட்டையில் கட்டிக்கொண்டு இரவு ரயிலில் தில்லிக்குச் சென்றார். விடியுமுன் விழித்துப் பார்க்கையில் பட்டை இல்லை, காற்சட்டையும் வெட்டப்பட்டிருந்தது. நுகர்வோர் மன்றங்கள் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தன. ஆனால் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2023-இல் அவருக்கு எதிராக முடிந்தது. தம் பொருளைத் தாமே காக்கத் தவறிய பயணிக்கு ரயில்வே பொறுப்பாகாது என்பது நீதிமன்றத்தின் கருத்து. பதிவு செய்து இரசீது பெறாமல் நாமே உடன் கொண்டு செல்லும் பொருளுக்கு, ரயில்வேயின் கவனக்குறைவோ தவறோ மெய்ப்பிக்கப்பட்டாலன்றி அது பொறுப்பேற்காது என்று 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 100-ஆம் பிரிவும் கூறுகிறது. பதினெட்டு ஆண்டு வழக்காடியும் கிட்டாத பொருளை, ஊரிலேயே வங்கியில் செலுத்தியிருந்தால் அரைமணி நேரத்தில் காத்திருக்கலாம் அன்றோ? ரொக்கத்தைத் தவிர்க்க முடியாத இடத்தில் அதை ஒரே பையில் வையாமல் பிரித்து வைத்தல் வேண்டும். எவ்வளவு உள்ளது என்பதைக் கைப்பேசியில் உரக்கப் பேசலாகாது.

களவு நேர்ந்துவிட்டால் என் செய்வது? ரயிலில் 139 என்ற எண்ணுக்கும், நாட்டில் எங்கும் 112 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். எந்த மாநில எல்லையில் பொருள் போயிற்றோ என்ற ஐயத்தால் பலர் புகார் கொடுக்காமலே விட்டுவிடுகின்றனர். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற சட்டத்தின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுத்துப் பதிவு செய்யலாம். மின்னணு வழியாகத் தகவல் அனுப்பினால் மூன்று நாளுக்குள் கையொப்பமிட வேண்டும். மொழி தெரியவில்லையே என்று நாம் ஒதுங்குதல் வேண்டா. அவ்வூர்த் தமிழ்ச் சங்கத்தின் எண்ணையும் சீட்டில் குறித்துக்கொண்டால், உடன் வந்து பேச ஒருவர் கிடைப்பார்.

இனி விடுதி. நாள் முழுதும் அலைந்தவர், கடைவீதிக்கு அருகில் குறைந்த வாடகையில் ஓர் அறை கிடைத்தால் போதும் என்று எண்ணுவது இயல்பு. 2019 பிப்ரவரி 12 அன்று விடியற்காலையில் தில்லி கரோல்பாகில் ஒரு விடுதியில் தீப்பிடித்து 17 பேர் மாண்டனர். 2025 ஏப்ரல் 29 இரவு கொல்கத்தாவின் படாபஜார் வணிகப் பகுதியில் ஒரு விடுதி எரிந்தது. மாண்ட 14 பேரில் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களும் இருந்தனர். இத்தகைய விபத்துகளில் நெருப்பினும் புகையே பலரைக் கொல்கிறது. ஆதலின் அறைக்குள் பெட்டியை வைத்தவுடன், கட்டிலில் சாயுமுன், ஒரு வேலை செய்தல் வேண்டும். மாடிப்படி எங்கே உள்ளது என்று நடந்து பார்த்து, நம் அறையிலிருந்து அதுவரை எத்தனை கதவுகள் என்று எண்ணிக்கொள்ள வேண்டும். இருளிலும் புகையிலும் கண் உதவாது. அந்த எண்ணிக்கை உதவும். படிக்கட்டு பூட்டியிருந்தாலும், சன்னல் திறவாதபடி அடைத்திருந்தாலும் வேறு விடுதி தேடுதல் நன்று. தீ என்று அறிந்தால் மின்தூக்கியில் ஏறலாகாது. புகை மேலே எழும் இயல்புடையது. ஆதலின் தரையோடு தாழ்ந்து செல்லுதல் வேண்டும். வெளியேற வழியில்லையெனில், கதவின் அடியிடுக்கை நனைத்த துணியால் அடைத்துவிட்டுச் சன்னலருகே நின்று உதவிக்கு அழைத்தல் வேண்டும்.

சாலைப் பயணத்திற்கு வருவோம். இந்தியச் சாலைகளில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 1,68,491 பேர் உயிரிழந்தனர். திருடனுக்கு அஞ்சும் நாம் சாலைக்கு அஞ்சுவதில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 4 அன்று குஜராத்திலிருந்து மும்பைக்குத் திரும்பிக்கொண்டிருந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி, பால்கர் மாவட்டத்தில் நிகழ்ந்த கார் விபத்தில் காலமானார். முன்னிருக்கையில் இருந்த இருவர் பிழைத்தனர். பின்னிருக்கையில் இருந்த அவரும் உடன் இருந்தவரும் இருக்கைப் பட்டை அணிந்திருக்கவில்லை என்று காவல்துறை தெரிவித்தது. பின்னிருக்கையிலும் பட்டை அணிய வேண்டும் என்பது சட்டம். உயிருக்கும் அதுவே காவல். வாடகைக் காரில் இரவு முழுதும் சென்று காலையில் வணிகரைச் சந்திக்கலாம் என்று கணக்கிடுகிறோம். ஓட்டுநரும் பகலெல்லாம் ஓட்டி வந்தவராக இருக்கலாம் என்பதை அக்கணக்கில் சேர்ப்பதில்லை. ‘தம்பி, சாப்பிட்டாயா? நேற்று எப்போது உறங்கினாய்?’ என்று கேட்டுவிட்டு ஏறுவதில் குறைவொன்றும் இல்லை. அவர் கண் அயர்ந்தால் ஓரிடத்தில் நிறுத்தி உறங்கச் சொல்லுதல் வேண்டும்.

இறுதியாகக் கைப்பேசி. நாம் வெளியூரில் இருக்கும் வேளையில் வீட்டாரை ஏமாற்றுவோர் பெருகியுள்ளனர். ‘உங்கள் கணவர் கைதாகியிருக்கிறார், உடனே பணம் அனுப்புங்கள்’ என்று போலீஸ் உடையில் திரையில் தோன்றியும் அச்சுறுத்துவர். திரை வழியே கைது செய்யும் முறை நம் சட்டத்தில் இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே தம் வானொலி உரையில் இதைப் பற்றி எச்சரித்தார். குடும்பத்தார் மட்டும் அறிந்த ஒரு சொல்லை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். அச்சொல்லைச் சொல்லாதவருக்கு ஒரு காசும் அனுப்பலாகாது. பணம் ஏமாந்துவிட்டால் 1930 என்ற எண்ணுக்கு எவ்வளவு விரைவில் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அதைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணைப் பதிய வேண்டுவதில்லை என்பதையும், அவ்வாறு கேட்பவன் பணத்தை எடுக்கவே கேட்கிறான் என்பதையும் வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

இவற்றையெல்லாம் கேட்டு, இவ்வளவு அச்சத்தோடு எப்படித் தொழில் செய்வது என்று சிலர் வினவலாம். நாம் அச்சத்தைக் கூறவில்லை. வழியில் நாம் சந்திக்கும் மனிதருள் மிகப் பலர் நல்லவரே. நம் நண்பரை இந்தூரில் தூக்கிச் சென்றவர்களும், சீட்டைப் படித்துத் தொலைபேசியில் அழைத்தவரும், அவர் பெயரைக்கூட முன்பு கேட்டிராதவர்கள்தாம். நல்லவர்கள் நமக்கு உதவுவதற்கும் நாம் யார் என்று அவர்கள் அறிய வேண்டும் அன்றோ?

சங்கிலி பூட்டுவது, கதவுகளை எண்ணுவது, பட்டை அணிவது, வீட்டிற்குச் சொல்லிவிட்டுக் கிளம்புவது ஆகியவை அனைத்தும் சேர்ந்து பத்து நிமிட வேலை. அவற்றை முதற் பயணத்தில் செய்தது போலவே நூறாவது பயணத்திலும் செய்வோம். நம் நண்பர் இப்போதும் மாதந்தோறும் இந்தூருக்குச் செல்கிறார். படியிறங்குமுன் உட்பையைத் தொட்டுப் பார்த்து, “சீட்டு எங்கே?” என்று அவரே கேட்கிறார். இன்றிரவு பயணம் கிளம்பும் நேயர்களும் அவ்வாறே கேட்டு வாங்கிக்கொண்டு, நலமே சென்று நலமே திரும்புவார்களாக.